ரொம்மன் காகங்களும் ஒரு புதுப் புல்தரையும்

புல் விதைக்கிற தொழிலில், வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அந்த இடம் வேலையே நடக்காத இடத்தைப் போலத்தான் இருக்கும். மேசன் கட்டினால் சுவர் தெரியும். சமையல்காரர் சமைத்தால் மணம் வரும். நாங்கள் வெறும் மண்ணைக் காட்டி, "இதற்குள்ளே இருக்கிறது, நம்புங்கள்" என்று சொல்லவேண்டும். தன்னையே அவ்வளவாக நம்பாத ஒருவன் ஐம்பத்துநாலு வயதில் தேடிப்பிடிக்கிற தொழிலா இது? நீங்களும் ஒரு பிடி விதையைத் தூவிவிட்டு, மறுநாள் காலையே தேத்தண்ணிக் கோப்பையோடு போய்க் குனிந்து பார்த்தவராக இருந்தால், என் நோய் உங்களுக்கு விளங்கும்.

நான் பத்தொன்பது வருடம் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் துவாய் மடித்தவன். கூட வேலை செய்த மட்டக்களப்புச் சுகந்தியும் நானும் சேர்ந்து ஒரு சிறிய தோட்டவேலைக் கம்பனி தொடங்கினோம். முதலாவது பெரிய வேலை ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பின் முற்றம். நிலத்தடிக் குழாய் மாற்றுவதற்காக அதைக் கிண்டிப் புரட்டிப் போட்டிருந்தார்கள். குடியிருப்புச் சங்கத்தின் தலைவி இங்கர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: யூன் கடைசியில் கோடை விழா. அதற்குள் பிள்ளைகள் ஓடி விளையாடப் புல் வந்துவிட்டால் முழு வளவின் பராமரிப்பும் எங்களுக்கு. வராவிட்டால் வேறு ஆள். எங்களுக்குத் திரும்பவும் துவாய்.

மண்ணுக்குக் காய்ச்சல் பார்த்தது

குளிர்நாட்டுப் புல் என்றாலும் குளிர்ந்த மண்ணில் அது முளைக்காது. மண்ணுக்குள்ளே எட்டுப் பாகை வெப்பமாவது வேண்டும், பத்து என்றால் நல்லது. ஒஸ்லோவின் ஏப்ரல் வெயில் பெரிய ஏமாற்றுக்காரன். மேலே கண் கூசும், விரலை மண்ணுக்குள் விட்டால் குளிர்சாதனப் பெட்டி. இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்க என் மனைவி ஒரு வெப்பமானி வைத்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

தினமும் பன்னிரண்டு இடத்தில் குத்தினேன். ஐந்து. ஐந்தரை. ஓரிடத்தில் நாலு. அது கல்லாக இருக்கும் என்று ஆறுதல்பட்டேன். பிறகு, கல்தானா, அல்லது நான் நல்ல செய்தியை மட்டும் நம்புகிறவனா என்று யோசித்தேன். இரண்டாம் மாடிப் பல்கனியில் பரமேஸ் அக்கா கைப்பிடியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், முற்றத்தில் நடக்கிற எதற்கும் அவர்தான் முதல் சாட்சி. ஆறாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, எத்தினை நாளா உதைக் குத்திக் குத்திப் பாக்கிறீர்? வெந்திட்டுதெண்டால் இறக்குமன்!"

பலகைச் செருப்பு

மே மாதம் பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை மண் ஒன்பது காட்டியது. வாரி மட்டப்படுத்தி, விதையைக் காய்ந்த மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவினோம். விதை மண்ணோடு ஒட்ட அதை அழுத்தவேண்டும். அதற்கு உருளை வேண்டும். வாடகைக் கடையில் ஒரு உருளையும் இல்லை. வசந்தம் வந்ததை ஒஸ்லோ முழுவதும் ஒரே கிழமையில் கண்டுபிடித்திருந்தது. சுகந்தி காரிலிருந்து நாலு பலகைத் துண்டுகளை எடுத்துவந்து, ஆளுக்கு இரண்டாகச் சப்பாத்தின் அடியில் கயிற்றால் கட்டினாள். அவள் முன்னே, அவளுடைய தோளைப் பிடித்தபடி நான் பின்னே, இடது, வலது என்று முற்றம் முழுக்க மிதித்தோம்.

முதல் கால்மணி நேரம் எனக்கு உயிர் போகிற வெட்கம். ஐம்பத்துநாலு வருடம் வாழ்ந்து வந்து சேர்ந்த இடம் இதுதானா என்று ஒரு கேள்வி. அப்போது சுகந்தி வாயால் தாளம் போடத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பலகை கட்டிய காலோடு சிரிக்கக்கூடாது. சிரித்தேன், விழுந்தேன், விழுந்த இடத்தில் விதை மிக நன்றாகவே அழுந்தியது. வழியில் போன ஒரு சென்னைப் பொறியியலாளர், முதுகுப்பையும் காதில் பாட்டுமாக வந்தவர், நின்று காதுக்கருவியைக் கழற்றினார்.

"சார், செமையா இருக்கு சார்! இது என்ன க்ளாஸ்? வீக்கெண்ட் பேட்ச் இருக்கா?"

ஒரே ஒரு சொல்

நோர்வேஜிய மொழியில் 'விதைக்க' என்பதற்கு 'ஸோ'. 'பார்த்தேன்' என்பதற்கும் 'ஸோ'. 'சரி, அப்புறம்?' என்று கேட்பதற்கும் 'ஸோ'தான். அதோடு ஒரு 'ர்' சேர்த்தால் புண். 'விதைத்தேன்' என்பதற்கு மட்டும் வேறு வடிவம் உண்டு. இந்த மொழிக்குள் முப்பது வருடம் வாழ்ந்துவிட்டேன். ஆனாலும் பதற்றம் வந்தால் இறந்தகாலம் என்னைக் கைவிட்டுவிடும்.

மூன்று நாள் கழித்து இங்கருக்குத் தொலைபேசி எடுத்தேன். "திங்கட்கிழமை புல் விதைத்தேன்" என்று சொல்ல நினைத்தேன். "திங்கட்கிழமை புல்லைப் பார்த்தேன்" என்று வந்துவிட்டது. மறுமுனையில் கதவு திறக்கிற சத்தம், செருப்புச் சத்தம், காற்றின் சத்தம். பிறகு மூச்சு வாங்கியபடி இங்கரின் குரல்.

"நீங்கள் திங்கட்கிழமையே பார்த்துவிட்டீர்களா? நான் இரண்டு கண்ணாடி போட்டும் ஒன்றையும் காணவில்லையே!"

சனிக்கிழமை விரதம்

வந்த சனிக்கிழமை மண்ணை நனைக்கப் போனபோது, பரமேஸ் அக்காவின் பல்கனிக்குக் கீழே காகங்கள் கூட்டமாக நின்றன. அவற்றில் இரண்டு விருந்துக்கு வந்தவை போல ஒதுங்கி நின்றன, மற்றவை குடும்பத்தார் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மண்ணில் வெள்ளை வெள்ளையாகச் சோறு. அக்காவுக்குச் சனிக்கிழமை விரதம். காகம் சாப்பிட்டால்தான் அவர் சாப்பிடுவார். குழாய் வேலை தொடங்கும் முன்பிருந்தே இந்த ஏற்பாடு. காகங்கள் சோற்றை முடித்துவிட்டு, மேலதிகமாக வைக்கப்பட்ட பலகாரம் என்று எண்ணி என் விதையையும் கிளறிப் பொறுக்கின.

எலி வரும் என்பதால் பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. படிக்கட்டடியில் எழுதி ஒட்டியிருக்கிறது. இங்கரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அக்காவுக்குக் கடிதம் போயிருக்கும். நான் சொல்லவில்லை. இரக்கமா கோழைத்தனமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேலே போய் அக்காவிடம், புல் வராவிட்டால் எங்கள் நிலைமை என்ன என்பதை விளக்கினேன். அவர் திடுக்கிட்டு, அடுத்த சனி எங்கே சொன்னாலும் வருகிறேன் என்றார்.

அடுத்த சனி கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலுள்ள காட்டோரம் சோற்றோடு போனோம். காகங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. அவை பழைய முகவரியில், விளக்குக் கம்பத்தில் காத்திருந்தன. பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அக்கா சாப்பிடாமல் ஒரு கல்லில் இருந்தார். அவருடைய பசிக்கு நான்தான் காரணம் என்று நெஞ்சு குறுகுறுத்தது. வெட்கத்தை விட்டு, கையை வாயில் குவித்து, "கா! கா!" என்று கத்தினேன். நாயோடு வந்த ஒரு நோர்வேக்காரர் நாயின் வாரை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு விலகி நடந்தார். கடைசியில் ஒரு காகம் வந்து இறங்கியது. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்திட்டுது பாத்தீரே. உம்மடை குரலைக் கேட்டுத் தன்ரை சொந்தம் எண்டு நினைச்சிருக்கும்."

தேசிய தினத்தில் குப்புறக் கிடந்தது

மே பதினேழாம் திகதி நாடே கொடியோடு தெருவில் நிற்கும். நான் கோட்டு சூட்டோடு ரொம்மன் முற்றத்தில் நின்றேன். வாத்தியக் குழுவும் பிள்ளைகளும் நான் கட்டிய கயிற்றைத் தாண்டி மண்ணை மிதித்துவிடுவார்களோ என்ற பயம். ஒருவரும் மிதிக்கவில்லை. ஊர்வலம் கயிற்றைச் சுற்றி அழகாக வளைந்து போனது. என் பயங்களில் பெரும்பாலானவை இப்படித்தான், யாரும் அவற்றை மதித்து நடப்பதில்லை.

அப்போது வெயில் சாய்வாக விழுந்து, மண்ணில் ஏதோ பச்சையாக மின்னியது போல இருந்தது. நின்று பார்த்தால் தெரியவில்லை. முழங்காலில் நின்றாலும் தெரியவில்லை. கோட்டோடு நடைபாதையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை நிலத்தில் வைத்தேன். ஊசி ஊசியாக, ஆயிரக்கணக்கில்! நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து இங்கர் ஓடிவந்தார். அன்றைய வழக்கப்படி வெள்ளி உடையூசிகள் குத்திய பாரம்பரிய உடை. நான் கையால் காட்டினேன். அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அவ்வளவு உடையோடும் என் பக்கத்தில் படுத்துக் கன்னத்தை வைத்தார்.

"இந்த உடையில் மண் பட்டால் என் அம்மா கல்லறையிலிருந்து எழும்பி வந்துவிடுவாள். வரட்டும், அவளும் இதைப் பார்க்கட்டும்!"

வழுக்கை

முதலில் முளைத்தது கலவையிலிருந்த அவசரக்காரப் புல். மெல்லிய புல் அதன் பிறகு வந்தது. கடைசி வகை மூன்று, நாலு கிழமை எடுக்கும் என்று பையில் எழுதியிருந்தது. அதுவரை நான் பையை வாசிப்பதும் மண்ணைப் பார்ப்பதுமாக இருந்தேன். எல்லா இடமும் நிறைந்தது, பரமேஸ் அக்காவின் பல்கனியின் கீழே மட்டும் ஒரு பெரிய வழுக்கை. கிளறி மறுபடி விதைத்தோம். அதுவும் உடனே வரவில்லை. ஆழமாகப் போய்விட்டதா? தண்ணீர் கூடிவிட்டதா? வேலையைச் செய்தது நான் என்பதுதான் பிழையா? இதையெல்லாம் வாய்விட்டே கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. சுகந்தி தண்ணீர்க் குழாயை நிலத்தில் போட்டாள்.

"அண்ணன், நீங்க இப்படி யோசிச்சா இதில புல்லு முளைக்காது. உங்கட தலையில நரைமயிர்தான் முளைக்கும்."

கோடை விழா

விழாவுக்கு முதல் கிழமை புல்லைப் புதிய அலகு போட்ட இயந்திரத்தால் உயரமாக, நுனியை மட்டும் வெட்டினோம். விழாவன்று பிள்ளைகள் சாக்குக்குள் காலை விட்டுத் துள்ளினார்கள், விழுந்தார்கள், எழும்பினார்கள். புல்லும் கூடவே எழும்பியது. நான் விரலால் தொட்டுத் தொட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அப்போதுதான் இங்கர் அந்த வழுக்கையின் ஓரத்தில் போய் நின்றார். அதில் இரண்டாம் விதை இன்னும் மழலைப் பருவத்தில் இருந்தது. "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். இரண்டு பேரின் எதிர்காலமும் என் வாயில் இருந்தது. "தூவும்போது என் கை தவறிவிட்டது" என்றேன். ரோல்ஸ் பலகாரத் தட்டோடு பக்கத்தில் நின்ற பரமேஸ் அக்கா அதைக் கேட்டுவிட்டார். தட்டைச் சுகந்தியின் கையில் கொடுத்துவிட்டு, தன்னுடைய நோர்வேஜியத்தை முழுவதுமாகத் திரட்டி, "அவர் பொய் சொல்லுறார். காகத்துக்குச் சோறு போட்டது நான்" என்று அறிவித்தார். இங்கரின் முகம் சிவந்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். எங்கள் மூன்று பேரையும் கிட்டே வரச் சொன்னார்.

"மெதுவாகப் பேசுங்கள்! இவருக்கு நேர்மேலேயுள்ள என் பல்கனியிலிருந்து நான் குருவிக்குத் தீனி போட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது என்று ஒரு மாதமாக எனக்கு நித்திரை இல்லை. பராமரிப்பு வேலை உங்களுக்குத்தான். ஆனால் கூட்டக் குறிப்பில் பறவை என்ற சொல்லே வரக்கூடாது."

புல் தன்பாட்டில் வளர்ந்துகொள்ளும், அதைச் சுற்றி நிற்கிற எங்களை வளர்த்தெடுப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.