தார்ப்பாய் கட்டிய வள்ளம்

என் சின்னம்மாவுக்கு இரண்டு குறைகள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒன்று உயரம். இன்னொன்று வாய். உயரத்தை ஒன்றும் செய்ய முடியாது, வாயையாவது ஒரு பொழுதுக்குக் கட்டிப்போடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு பெருநாளுக்கு மறுநாள் நடந்தது அது. எனக்கு அப்போது ஏழு வயது. சின்னம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நடுநிலைமை என்பதே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பஜாரில் அரிசி வியாபாரம். கீழே கிடங்கு, மேலே வீடு. கிடங்கின் முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். வள்ளங்கள் பின்வாசலுக்கே வந்து மூட்டை இறக்கிப் போகும். வயசுக்கு வந்த பெண் தெருவில் இறங்கக் கூடாது என்பதால் சின்னம்மாவுக்கு வாய்த்ததெல்லாம் மாடியில் காயலைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான். அதன் பலகைச் சந்து வழியாக அவள் வருஷக்கணக்காக வள்ளங்களைப் பார்த்தாள். "அந்த வள்ளம் ஒருபக்கமா பாரம் ஏத்துறான், இப்போ தண்ணி குடிக்கும் பாரு" என்று என்னிடம் சொல்வாள். அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் கீழே கூச்சல் கேட்கும். எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது.

பெருநாளுக்கு மறுநாள் சாயங்காலம் வள்ளம் வாடகைக்குப் பிடித்துக் காயலைச் சுற்றுவது அங்கே வழக்கம். வெலிங்டன் தீவுப் பக்கம் கப்பல் பார்க்கப் போவார்கள். பஜாரில் இருக்கிற அத்தனை குடும்பமும் தண்ணீரில்தான் இருக்கும். சேட்டுமார் வீட்டு வள்ளம், கொங்கணிக்காரர்கள் வள்ளம், எங்களைப்போல் தமிழ் பேசும் ராவுத்தர் வீட்டு வள்ளம் என்று காயலே தெருவாகிவிடும். ஆனால் தெருவில் இல்லாத மரியாதை தண்ணீரில் இருந்தது. பெரிய வள்ளம் சின்ன வள்ளத்தைக் கண்டால் துடுப்பைத் தூக்கிவிடும், தானாக மிதந்து கடந்து போகும். தூரத்திலேயே "ஓய்" என்று குரல் கொடுத்து எந்தப் பக்கம் வருகிறோம் என்று கை காட்டுவார்கள். தெருவில் முகம் கொடுத்துப் பேசாத வீட்டுக்காரர்கள்கூட வள்ளங்கள் நெருங்கும்போது அலுவாத் தட்டை நீட்டிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் எங்கள் வள்ளத்துக்கு வேறொரு காரியமும் இருந்தது. எறணாகுளத்தில் பெரிய வியாபாரக் குடும்பம் ஒன்று சின்னம்மாவைப் பார்க்க விரும்பியது. பெண் பார்க்க வீட்டுக்கு வந்து, பிடிக்காமல் போனால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். பெருநாள் வள்ளத்தில் சேர்ந்து போனால் அது வெறும் உல்லாசப் பயணம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏற்கனவே உயரத்தைக் காரணம் சொல்லிச் சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அவளுக்கு இனி ரெண்டாம் தாரம்தான் என்று உறவில் வெளிப்படையாகவே பேசினார்கள். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை.

"குனிஞ்சு உக்காரு. கேட்டா மட்டும் பதில் சொல்லு. அதுவும் மெதுவா. கப்பலைப் பத்தி, வள்ளத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது" என்று அம்மா அவளுக்கு ஓதிக்கொண்டே இருந்தாள்.

"மூச்சு விடலாமா அக்கா?" என்று சின்னம்மா கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

பெண்கள் போகும் வள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு மறைப்புக் கட்டுவார்கள். மற்ற வீடுகளில் பழைய சேலை, போர்வை, எதுவோ ஒன்று. சம்பந்தி வீட்டார் வருகிற வள்ளத்துக்குச் சேலையா என்று அத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கிடங்கில் மூட்டைகளை மூட வைத்திருந்த புதுத் தார்ப்பாய்கள் இரண்டை எடுத்துவந்து ஆட்களை வைத்து இழுத்துக் கட்டினார். ஒரு ஊசி வெளிச்சம்கூட உள்ளே வராது. தூரத்தில் நின்று பார்த்துத் தன் வேலைக்குத் தானே தலையாட்டிக்கொண்டார். சின்னம்மா அந்தப் பாயை ஏற இறங்கப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். அம்மா அவள் இடுப்பில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. சின்னம்மா வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் உம்மாவும் மகளும் வந்தார்கள். அந்த உம்மா நல்ல பருமன், கை நிறைய வளையல், மூச்சு வாங்கிக்கொண்டே பேசும் பழக்கம். எனக்கு ஒரு கை முந்திரிப்பருப்பு கொடுத்ததால் உடனே பிடித்துப்போயிற்று. சின்னம்மா சொன்னபடி குனிந்து உட்கார்ந்தாள். உயரமான பெண் குனிந்து உட்கார்ந்தால் ஒட்டகம் உட்கார்ந்த மாதிரித்தான் இருக்கும், ஆனாலும் அழகாகத்தான் இருந்தாள். அந்த உம்மா கேட்டதற்கெல்லாம் "ஆமா", "இல்லை" என்றாள். அம்மாவின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊற ஆரம்பித்தது.

தீவுப் பக்கம் போனதும் கடல்காற்று ஏறியது. தார்ப்பாய் உப்பிக்கொண்டு படபடத்தது. வள்ளக்காரச் சேட்டன் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போது காற்றில் விலகிய பாய் இடுக்கு வழியாக ஒரு பெரிய கப்பல் தெரியவே, எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தோம். நானும்தான். சின்னம்மா மட்டும் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கப்பல் பார்க்கக்கூட ஆசையில்லாத பெண் என்று அந்த உம்மாவின் மகள் நினைத்திருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எஞ்சின் போட்டு, மோட்டார் வைத்த படகு, ஒன்று வந்தது. அப்போது காயலில் எஞ்சின் போட்டு அதிகம் இல்லை; இருந்தவையும் பெருநாள் கூட்டத்தைக் கண்டால் அடங்கி ஊர்ந்துதான் போகும். இது அப்படி இல்லை. நாலைந்து வாலிபர்கள், சிரிப்பும் கூச்சலும். எங்கள் வள்ளத்தைத்தான் குறிவைத்த மாதிரி நேரே வந்து, பக்கத்தில் வளைத்துத் திருப்பினார்கள். அலை வந்து மோதியது. காற்று பாயைத் தள்ள, அலை அடியைத் தூக்க, வள்ளம் ஒரேயடியாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. என் மடியில் காயல். அந்த உம்மா அலறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

சின்னம்மா அவர் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைத்தாள். வருங்கால மாமியாரை. "எந்திரிக்காதீங்க. யாரும் எந்திரிக்கப்படாது. எல்லாரும் கீழே, நடுவுல உக்காருங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு என் அம்மாவே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் முழங்காலில் தவழ்ந்துபோய்த் தார்ப்பாய் முடிச்சைப் பிடித்தாள். மூட்டை வள்ளங்களில் போடுகிற முடிச்சு அது. தெரிந்தவர்கள் ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழும். ஜன்னல் வழியாக அதை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு பாய்களும் தண்ணீரில் விழுந்தன. வள்ளம் ஒரு தடவை உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

"சேட்டா, முனையை அலைக்கு நேரா திருப்புங்க" என்றாள். சேட்டன் ஏற்கனவே திருப்பிக்கொண்டிருந்தார்.

இப்போது காயல் முழுக்க எங்களைப் பார்த்தது. தலையிலிருந்து முக்காடு விழுந்து கிடக்க, நனைந்த சேலையோடு முழங்காலில் நிமிர்ந்து, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக அந்தப் போட்டுக்காரனைப் பார்த்துச் சின்னம்மா பேசினாள். "கண்ணு தெரியலையா? இதுல பிள்ளைங்க இருக்குது, வயசானவங்க இருக்காங்க. ஆளு கூடின இடத்துல எஞ்சினைக் குறைக்கணும்னு வீட்டுல ஆரும் சொல்லித் தரலையா?" என் வாழ்நாளில் அவ்வளவு அழகான காட்சியை நான் கண்டதில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

போட்டு ஓட்டியவன் பட்டுச் சட்டை போட்டிருந்தான். கேட்டுவிட்டுச் சிரித்தான். தோழர்களிடம் என்னவோ சொன்னான், அவர்களும் சிரித்தார்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு வட்டம் அடித்து, முன்னைவிட நெருக்கமாக, முன்னைவிட வேகமாக வந்தான். இந்தத் தடவை எங்கள் வள்ளம் தாங்கியது. எங்களுக்குப் பின்னால் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒருவரின் சின்னத் தோணி கவிழ்ந்தது. போட்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

கடலைக்காரர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு எங்கள் வள்ளத்தின் விளிம்பைத் தேடி வந்தார். "அங்கே பிடிக்காதீங்க, எல்லாரும் போயிருவோம். பின்னால வாங்க" என்று சின்னம்மா கத்தினாள். எங்களை முன்னால் தள்ளி உட்காரவைத்துவிட்டு, அவளும் சேட்டனும் பின்பக்கம் படுத்து அவரை மீன் மாதிரி இழுத்துப் போட்டார்கள். அந்நிய ஆண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. மனிதர் நடுங்கிக்கொண்டே, "கடலை எல்லாம் போச்சு மோளே" என்றார்.

"ஆளு இருக்கல்லோ" என்றாள் சின்னம்மா. தன் மேல்துணியை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள்.

நான் அந்த உம்மாவைப் பார்த்தேன். அவர் கடலைக்காரரையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. போட்டு போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து என்னிடம் மிச்சமிருந்த முந்திரியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

படகுத்துறையில் இறங்கும்போது அவர் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பின்னால் ஆட்கள் இறங்கக் காத்திருந்தார்கள். "அந்தப் போட்டுல இருந்தது ஆருன்னு தெரியுமா மோளே?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள் சின்னம்மா.

"தெரிய வேண்டா" என்றார் அவர். இரண்டு கையாலும் சின்னம்மாவின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு உயிர் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் பெண்ணைப் பிடித்துவிட்டது என்றாள். அந்த உயிர் இருட்டும் வரைதான் இருந்தது. பஜாரில் சாயா குடிக்கப் போன அத்தா முகம் செத்துத் திரும்பினார். எஞ்சின் போட்டு யாருடையது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. பெண்ணை எட்டிப் பார்க்கலாம் என்று தோழர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் வேறு யாருமில்லை, மாப்பிள்ளைதான். "மாப்பிள்ளையையே வள்ளத்துல வெச்சுத் திட்டியிருக்கா" என்று அத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். சின்னம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டுவதை நிறுத்தினாள். பிறகு மறுபடி துவட்டினாள்.

சில நாளில் எறணாகுளத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்: பையனுக்கு இப்போது கல்யாணத்தில் மனசில்லையாம், பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லையாம், எங்களைச் சிரமப்படுத்தியதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். அதை ஒருவரும் நம்பவில்லை. வாய் கெடுத்தது என்று அம்மா அழுதாள். உறவெல்லாம் அதையே சொன்னது. சின்னம்மா ஜன்னல் பக்கம்கூடப் போகாமல் கொஞ்ச நாள் இருந்தாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவளை வேண்டாம் என்று சொன்ன நன்றிகெட்டவர் என்று அந்த உம்மாவை நான் மனதாரச் சபித்தேன். கையில் எத்தனை வளையல் இருந்து என்ன என்று என் பொம்மைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

சின்னம்மாவுக்கு இரண்டு வருஷம் கழித்து ஆலப்புழையில் நல்ல இடமாக அமைந்தது. கணவர் அவளைவிடக் கட்டை, அதை இருவரும் கேலி செய்துகொண்டு நன்றாக வாழ்ந்தார்கள். அந்த எறணாகுளத்துக் குடும்பத்தை நான் மறந்தே போனேன்.

வெகுகாலம் கழித்துப் பாலக்காட்டில் ஒரு கல்யாண வீட்டில், அன்று வள்ளத்தில் வந்த அந்த உம்மாவின் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார். அவருக்கும் நரைத்திருந்தது. பேச்சு அங்கே இங்கே சுற்றிக் காயலுக்கு வந்தது. வள்ளத்தில் போய் வந்த அந்த இரவு தன் உம்மா சோறு தொடவில்லை என்றார். நல்ல பொண்ணு, பேசி முடிச்சிடலாம், அவன் திட்டு வாங்கினதைப் பெரிசா எடுத்துக்கல்லே என்று வாப்பா சொன்னாராம். உம்மா ஒரே பிடியாக நின்றாராம்: "ஒரு தடவை தெரியாம வந்தான்னு வெச்சுக்கலாம். பிள்ளைங்க இருக்குன்னு அந்தப் பொண்ணு சொன்ன பின்னே ரெண்டாவது தடவை வந்தானே. அவளை இவன் கையில குடுத்துட்டு நாளைக்குப் படைச்சவன்கிட்ட நான் என்னத்தைச் சொல்ல?" குறையைத் தங்கள் வீட்டின் மேலேயே போட்டுச் சொல்லி அனுப்பச் சொன்னதும் அவர்தானாம்.

படகுத்துறையில் அந்த உம்மா சின்னம்மாவின் கையை விடாமல் நின்றது பெண்ணைப் பிடித்துப்போனதால் என்று அம்மா சொன்னாள். அது சரிதான். அவ்வளவு பிடித்துப்போன பெண்ணைத்தான் ஒரு தாய் தன் மகனுக்கு வேண்டாம் என்பாள் என்று ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை.