இடது பக்கம் அரை அங்குலம்

தெருப் பெண்கள் அத்தனை பேரின் மார்பளவும் தையல்காரிக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது புருஷனுக்குத் தெரியும் முன்பே அவளுடைய அளவு நாடாவுக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவள் தன் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் என்ன செய்தாள்? ஆஸ்பத்திரிக்கா ஓடினாள்? ரவிக்கையின் இடது தையலைப் பிரித்துக் கால் அங்குலம் விட்டாள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கால் அங்குலம். உள்மடிப்பு தீர்ந்திருந்தால் ஒட்டுத்துணியும் வைத்திருப்பாள், மகராசி.

சீருடை தைக்கக் கொடுத்திருந்த நர்ஸ்தான் கொடியில் காய்ந்த ரவிக்கையைப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒரு பக்கம் மட்டும் பிரிச்சு விட்டிருக்கீங்க?"

"சின்னதா ஒரு கட்டிம்மா. வலியே இல்ல."

"வலிக்காத கட்டியைத்தான் முதல்ல காட்டணும். செருப்பை மாட்டுங்க."

புற்று என்று தெரிந்ததும் வீட்டில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்" என்றாள் நாத்தனார். விரலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள் அவள். லாரி ஓட்டும் கணவரோ, "ஒரு பொடி இருக்காம், நாற்பதே நாள்ல கரைச்சிடுமாம்" என்றார்.

"உங்க இன்ஜின்ல அடைப்புன்னா பொடி தூவியா எடுக்குறீங்க?" என்று கேட்டாள் தையல்காரி. மனிதர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "முன்னாடியே வந்திருந்தா கட்டி இன்னும் சின்னதா இருந்திருக்கும். இப்பவும் கைமீறலை. ஆனா ஆபரேஷனோட முடியாது. மூணு வாரத்துக்கு ஒண்ணா எட்டு ஊசி. உடம்பு தேறிடுச்சுன்னு பாதியில நிறுத்துறவங்கதான் மாட்டிக்கிறாங்க."

ஆபரேஷன் முடிந்து, ஐந்தாவது ஊசிக்குப் புறப்பட்ட காலையில்தானா மகளுக்குப் பிரசவ வலி எடுக்க வேண்டும்!

"பெத்த பொண்ணைவிட ஊசி பெரிசா? அடுத்த வாரம் போட்டுக்கோ" என்று நாத்தனார் வாசலை மறித்தாள்.

தையல்காரி பையைக் கீழே வைத்தாள். தலைப்பிரசவம். மகளோ இடுப்பைப் பிடித்துக்கொண்டே கத்தினாள்: "அம்மா, இன்னிக்கு என்கூட இருந்துட்டு அப்புறம் இல்லாமலே போயிடாதே. உன் ஊசிக்குப் போ!"

அவ்வளவுதான், பையைத் தூக்கினாள். "அண்ணி, முக்கப்போறது அவ. நான் பக்கத்துல நின்னா குழந்தை குதிச்சு வந்துடுமா? நீங்க கூடப் போங்க. வாயை மட்டும் வீட்டுலயே வச்சுப் பூட்டிட்டுப் போங்க."

சாயங்காலம், கையில் ஒட்டிய பஞ்சோடு பிரசவ வார்டுக்குள் நுழைந்தாள். குனிந்ததும் முக்காடு நழுவி மொட்டைத் தலை பளபளத்தது. பேத்திக்குத் தலை நிறைய முடி.

"இத்தனூண்டு சிறுக்கி, என்னைவிட முடி வச்சிருக்கா பாரு!"

"குழந்தைக்குக் குளிருது, கையைக் கழுவு, தள்ளி நில்லு" என்று ஆரம்பித்தாள் நாத்தனார். பேத்தி வீறிட்ட வீறலில் அந்தக் குரலே காணாமல் போனது. தையல்காரி பூரித்துப்போனாள்.

"கத்துடி ராசாத்தி, நல்லாக் கத்து. எனக்கு இன்னும் மூணு ஊசி இருக்கு. அதுவரைக்கும் அத்தைப் பாட்டியை நீ சமாளி."