இரண்டாவது கோலில் விட்டுப்போன கோபுரம்

கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு எறிகிறவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிந்து இரண்டு நூலையும் கோத்துவிடுகிறவர் இன்னொருவர். ஒருவர் எழுந்தால் மற்றவரும் சும்மா உட்கார வேண்டியதுதான். எங்கள் தறியில் அந்த இரண்டாவது இடம் என் கொழுந்தனாருடையது. அவருக்கு மெட்ராஸில் கம்பெனி வேலை கிடைத்துப் போனதும், அங்கே நான் உட்காருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன்.

பத்து வருஷம் நூல் இழைத்தும் நாடாவுக்குத் தார் சுற்றியும் பக்கத்திலேயே இருந்தவள் நான். எந்த இழைக்கு எந்தக் கை போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுத்துத்தான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். கோபுரக் கரையை ஒரு பார்வையில் படித்துவிடுவேன்.

எங்களுக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவையாக நெய்து வாங்குகிற முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பளைக் கை அழுத்தம் பத்தாதுப்பா" என்று என் எதிரிலேயே வீட்டுக்காரரிடம் சொன்னார். "ஒரே ஒரு பொடவை பாக்கறேன். பழுது வந்துச்சின்னா வேற ஆளைக் குந்த வெச்சிக்கோ. அப்புறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

அந்த ஒரே ஒரு புடவை தறியில் இருந்தபோதுதான் மலேசியாவில் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தது. எழுபத்தைந்தாம் வருஷம், பங்குனி பிறந்த சமயம்.

என் வீட்டுக்காரருக்கு ஹாக்கி என்றால் உயிர். பள்ளிக்கூட நாளில் கருவேலங்கட்டையை வளைத்து ஆடிய ஆள். அறுபத்து நாலில் நான் கல்யாணமாகி வந்த புதுசு. நம் ஆட்கள் டோக்கியோவில் தங்கம் வாங்கினார்கள் என்று தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சிரித்ததில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு ஒலிம்பிக்ஸ், இரண்டிலும் வெண்கலம். அவர் சோற்றைத் தொடவில்லை.

"வெண்கலம்னா நல்லதுதானேங்க? நம்ம வூட்ல ஒரு குண்டான்கூட வெண்கலத்துல இல்லியே" என்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்? தங்கம் தங்கமா வாங்கின கைம்மா அது" என்று எழுந்து போனார். அதற்கடுத்து ஓர் உலகக் கோப்பையில் கடைசி ஆட்டம் வரை வந்து கைவிட்டார்கள். அதிலிருந்து ஹாக்கிப் பேச்சையே விட்டுவிட்டார்.

மலேசியாவில் அரையிறுதி ஆட்டம்தான் அவரை மறுபடி எழுப்பியது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம், நம் ஆட்கள் ஒரு கோல் பின்னால். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த ஒருவரை உள்ளே விட்டார்கள். அவர் போய் அடித்தார், கோல். அப்புறம் இன்னொரு கோல் விழுந்து ஜெயித்தார்கள். அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உன்னை மாதிரிதான். வெளிய குந்திக்கினு இருந்த ஆளு" என்றார். தறியைப் பற்றி அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

கடைசி ஆட்டம் பாகிஸ்தானோடு, ஒரு மதியம். எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. கூரையைத் தொடாத பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம், ஜரிகை சுற்றித் தருகிற பாய் வீட்டில் இருந்தது. புடவைக்கு நாள் சொல்லியாகிவிட்டது, தறியை நிறுத்த முடியாது. அதனால் பாய் வீட்டு அக்கா ஒரு வழி செய்தார். ரேடியோவைச் சுவரோரம் வைத்து, அது இந்தியில் சொல்லச் சொல்ல எங்களுக்குத் தமிழில் கத்தினார். அவருக்கு உருது வீட்டு மொழி, இந்தி புரியும். ஹாக்கிதான் புரியாது.

"ஒருத்தன் எடுத்துக்கினு ஓடறான்! ஓடறான்! ஐயோ, புடுங்கிட்டான்!"

"யாருக்கா புடுங்கினது? நம்பளா, அவங்களா?"

"அதை யாரு கண்டா? இரும்மா, அந்த ஆளு மூச்சு வுடாம பேசறான்!"

"அக்கா, பந்து எந்தப் பக்கம் போவுது?" இவர் கேட்டார்.

"ரேடியோல பக்கம் தெரியுமா தம்பி? உன் வேலையைப் பாரு!"

பாகிஸ்தான் முதலில் ஒரு கோல் போட்டது. இவர் மிதி தளர்ந்தது. "காலை நிறுத்தாதீங்க, எனக்குக் கணக்கு தப்புது" என்று நான் அதட்டினேன். கரையில் வரிசையாகக் கோபுரங்கள் எழும்ப வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் என் நூல் உடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உச்சி தொட்டு, அதே கணக்கில் இறங்க வேண்டும். அன்று காலையிலிருந்து ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் ஒன்று போட்டார்கள். இவர் நாடாவைத் தலைக்கு மேல் தூக்கினார். என் கை நிற்கவில்லை. அதில் எனக்கு அப்போதே ஒரு கர்வம்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

"அக்கா?"

"பேசாதே!"

பிறகு ஒரு அலறல். "கோல்! இல்ல, இரு... கம்பத்துல பட்டுதாம்... வெளிய வந்துடுச்சாம்... அவங்க சண்டைக்கி நிக்கறாங்கோ... குடுத்துட்டான்! கோல் குடுத்துட்டான்மா!"

ஆட்டம் முடிகிற வரை எங்கள் கை ஓடிக்கொண்டுதான் இருந்தது. என்ன நெய்தோம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஜெயித்த சேதி வந்ததும் இவர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே அழுதார். அக்கா ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைச் சுவருக்கு மேலே நீட்டினார். நெய்த துணி எப்போதும் போலத் தறி மரத்தில் சுருண்டு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

பத்து நாள் கழித்துப் புடவையை அறுத்து விரித்தோம். மூன்றாவது கெஜத்தில், என் பக்கத்துக் கரையில், ஒரு கோபுரம் எழும்பவே இல்லை. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி சப்பையாக இருந்தது. ஏற வேண்டிய நேரத்தில் என் கை ஒரே இடத்திலேயே நாடாவை எறிந்திருக்கிறது.

இவர் புடவையை மடித்து மடித்துப் பார்த்தார். "கொசுவத்துக்குள்ள போய்டும். கட்டினா ஒருத்தருக்கும் தெரியாது."

"மொதலாளி கட்டிப் பாக்கப்போறாரா? தடவிப் பாப்பாரு."

"அப்ப என் கைன்னு சொல்லிடறேன்."

"எந்தப் பக்கம் யாரு கைன்னு அவருக்குத் தெரியாதா? நானும் வர்றேன்" என்றேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் முதலாளி வீடு. அதுவரை நான் அங்கே போனதில்லை. அவர் புடவையை மூங்கில் கழியில் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முந்தியிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். நூல் இழைக்கிற மூலைக்கே திரும்பிப் போகப்போகிறோம் என்று நினைத்தேன். அவர் விரல் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

"மூணாவது கெஜத்துல ஒரு கோபுரம் எழும்பலைங்க மொதலாளி. என் கைதான்."

அவர் அங்கே போய்த் தடவினார். நிமிரவில்லை. "மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்குது. இங்க மட்டும் ஏன்?"

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "அன்னிக்கி ஹாக்கிங்க."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எந்தக் கோலு?"

"ரெண்டாவது."

"அது கோலே இல்லைன்றாங்களே எதிராளிங்க. கம்பத்துல பட்டு வெளிய வந்துடுச்சாமே."

"நடுவர் குடுத்துட்டாருங்களே" என்றேன். பத்து நாளாக வீட்டில் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி சிரித்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அன்றைக்குப் பெங்களூரிலிருந்து கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்களை, விரித்த புடவைகளோடு அப்படியே உட்கார வைத்துவிட்டு ரேடியோ கேட்க உள்ளே போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தால் விரித்த பாயில் ஒரு ஆள்கூட இல்லையாம்.

சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆனது. "பழுது பழுதுதான். இது கடைக்கு ஆவாது, என் வூட்டுக்கு வெச்சிக்கறேன்." இவரைப் பார்த்து, "அடுத்த பாவு எடுத்துக்கினு போ. அந்தம்மாவே குந்தட்டும். ஆனா இனிமே ஆட்டம் இருக்கற அன்னிக்கி ரெண்டு பேரும் தறியைத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தேன்.

பாய் வீட்டு அக்காவுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. முதலாளிக்கும் உண்டு. கோப்பையோடு நின்ற அந்த ஆட்டக்காரர்களின் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டித் தறிக்கு எதிரே ஒட்டினார் என் வீட்டுக்காரர். அதில் இரண்டாவது கோல் போட்டவர் யார், அரையிறுதியில் கடைசியாக இறங்கி அடித்தவர் யார் என்று விரல் வைத்துக் காட்டுவார். எனக்கு அடுத்த நாளே மறந்துவிடும். காலையில் உட்காரும்போது எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு கும்பிடு போடுவேன். எங்கோ கடல் தாண்டி ஓடி ஆடியவர்கள்; இப்படி ஒருத்தி இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் பங்குனி உத்திரத்தில், ஏகாம்பரநாதர் கோயில் கூட்டத்தில், முதலாளி வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் கட்டியிருந்தது அந்தப் புடவைதான். அரக்கு உடல், பச்சைக் கரை. என்னைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இதைக் கட்டும்போதெல்லாம் எங்க வூட்டுக்காரரு கோலு, கோலுன்னு உயிரை எடுக்கறாருமா" என்று கொசுவத்தைப் பிரித்து அந்த இடத்தை வெளியே இழுத்தார்.

நான் விரலை வைத்துப் பார்த்தேன். சப்பையாகத்தான் இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் இருந்த கோபுரங்களையும் தடவிப் பார்த்தேன். அவை நன்றாக எழும்பியிருந்தன.