என் வயிற்றில் விளைந்த கோரோசனை

போன வாரம் என் வயிறு அச்சேறியது.

அச்சுப் பிழையில்லை, ஐயா. நான் எழுதுவது அச்சேறுவது வழக்கம்தான். வாராவாரம் நீங்களும் பொறுத்துக்கொண்டுதானே வருகிறீர்கள்? ஆனால் வயிறே அச்சேறியது இதுதான் முதல் தடவை. சென்னப்பட்டணத்து வைத்தியப் பத்திரிகை ஒன்றில், எங்கள் போடி டிஸ்பென்சரி டாக்டர் எழுதிய கட்டுரையில், பித்தநாளத்தில் கல் அடைத்த நோயாளியாக நான் வருகிறேன். பெயர் இல்லை. 'நடுத்தர வயது. உட்கார்ந்தே இருப்பவர். அதிகம் பேசுபவர்' என்று மட்டும் போட்டிருக்கிறது. ஊரே அடையாளம் கண்டுகொண்டது.

நான் இத்தனை வருஷம் எழுதியதில் ஒரு வரிகூடக் கேட்டறியாத என் சம்சாரம் காமாட்சி, பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து இந்த இங்கிலீஷ் கட்டுரையை வாசிக்கச் சொன்னாள். ஒரு வார்த்தை புரியாது. இருந்தும் கடைசி வரைக்கும் நகராமல் கேட்டாள்!

இந்தப் புகழ் எப்படி வந்தது? சொல்கிறேன்.

எங்கள் டாக்டருக்கு ஊர் வைத்த பெயர் 'மஞ்சளா டாக்டர்'. யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, "வெளிக்குப் போறது மஞ்சளா இருக்கா, வெளுத்து இருக்கா?" சந்தையில் கேட்பார். கல்யாணப் பந்தியில் கேட்பார் — அதுவும் பாயசம் ஊற்றுகிற சமயம் பார்த்து. போடிமெட்டுப் பாதையில் ஏலக்காய் மூட்டையோடு இறங்குகிறவனை நிறுத்திக் கேட்பார். அவர் தலை தெரிந்தால் மலையாட்கள் ஏலச்செடிக்குள் புகுந்துவிடுவார்கள். யானை வந்தால்கூட அத்தனை வேகம் இருக்காது.

மனிதர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் வயிற்றில் எந்த வலி வந்தாலும் ஒரே பெயர் — வாய்வு. ஒரே மருந்து — சுக்குக் கஷாயம். 'அதில் சில பேருக்கு வாய்வே கிடையாது, பித்தநாளத்தில் கல். பித்தம் குடலுக்கு இறங்காமல் வெளிக்கு வெளுத்துப் போய், கண் மஞ்சளாகி அநியாயமாகச் சாகிறார்கள்' என்பது டாக்டரின் கட்சி. மதுரையில் அவருக்கு மேலே இருந்த பெரிய டாக்டர் நம்பவில்லை. 'போடிக்காரன் வாய்வுக்குப் பின்னால் அலைந்தது போதும். அத்தாட்சி காட்டும், இல்லையென்றால் நோயாளி தேடி மலைக்குப் போவதை நிறுத்தும்' என்று சொல்லிவிட்டார்.

அத்தாட்சி என் வயிற்றில் இருந்தது.

வலது விலாவுக்குக் கீழே துணி பிழிகிற மாதிரி முறுக்கும். சுக்குக் கஷாயம் குடித்துக் குடித்து நாக்கு மரத்த பிறகுதான் டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் கண்ணைப் பார்த்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். "வெளுப்பு" என்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்! நான் பரீட்சையில் பாஸ் செய்தபோது என்னைப் பெற்றவர்கள்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்தேன். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மஞ்சள் கல்லைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். பெரிய டாக்டரோ, 'ஒரு கல் போதாது, பட்டணத்துப் பத்திரிகை ஒப்புக்கொண்டு போடட்டும், பார்க்கலாம்' என்றுவிட்டார். எங்கள் டாக்டர் அதை அளந்தார், படம் வரைந்தார், கட்டுரை எழுதிப் பட்டணத்துக்கு அனுப்பினார். கல் தன்னிடமே இருக்கட்டும் என்று கெஞ்சினார். "வீட்டுல ஒரு தடவை காட்டிட்டுத் தந்துர்றேன்" என்று வாங்கி வந்தேன்.

வந்தது வினை.

என் மச்சான் கருப்பையா ஏலக்காய் வியாபாரி. எது கையில் வந்தாலும் தரம் பார்க்காமல் விடமாட்டார். கல்லை வெளிச்சத்தில் பிடித்தார். காதருகே ஆட்டினார். மோந்தார். நல்லவேளை, கடிக்கவில்லை.

"நல்லா முத்துனது, மாப்ளே. பிஞ்சில்ல. இதே மாட்டு வயித்துல இருந்தா என்ன பேரு?"

"கோரோசனை" என்றாள் காமாட்சி.

மாட்டின் பித்தப்பையில் கிடைக்கிற கல்தான் கோரோசனை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுப்பார்கள். தங்கம் மாதிரி நிறுத்து விற்பார்கள்.

"புல்லுத் திங்கிற மாட்டுக்கே அம்புட்டு மதிப்புன்னா, சோறு திங்கிற மனுசன் வயித்துல விளைஞ்சதுக்கு?" என்றார் மச்சான்.

காமாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளாக அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

'அது வேறு, இது வேறு' என்று எடுத்துச் சொன்னேன். தையல் போட்ட வயிற்றோடு எவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியும்?

அடுத்த நாளிலிருந்து வாசலில் ஒரே கூட்டம். என்னை விசாரிக்க இத்தனை ஜனமா! படுத்தபடியே கண் கலங்கினேன். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. "ஆத்தா, வெரசா உரைச்சுக் குடு, சோலி கெடக்கு" என்று குரல் மட்டும் வந்தது. எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மாந்தம் என்று காமாட்சி என் கல்லை ஓர் உரை உரைத்துக் கொடுத்தாளாம். பிள்ளை தூங்கிவிட்டதாம். அழுது ஓய்ந்த பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? ராசிங்காபுரம் வரைக்கும் செய்தி போய், இடுப்பில் பிள்ளையோடு தாய்மார்கள் வந்துவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்த அன்றுதான்.

"பட்டணத்துல இருந்து பதில் வந்திருச்சு! கல்லைக் கண்ணால பார்த்தாத்தான் அச்சுப் போடுவாங்களாம். குப்பியைக் கொண்டாங்க, இன்னைக்கே தபால்ல சேர்க்கணும்."

காமாட்சி குப்பியைக் கொண்டு வந்தாள். அடியில் மிளகளவில் ஏதோ உருண்டது.

"மிச்சம் எங்கம்மா?"

"பிள்ளைக குடிச்சிருச்சுக, டாக்டரய்யா."

டாக்டர் என் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. கால் தேய மலை ஏறி, கண்டவனிடமெல்லாம் கேலி வாங்கிச் சேர்த்த ஒரே அத்தாட்சி, ஊர்ப் பிள்ளைகள் வயிற்றில் கரைந்துபோயிருக்கிறது. இனி மலைக்குப் போக விடமாட்டார்கள். அங்கே ஒருவனுக்குக் கண் மஞ்சளானால் இனி யார் பார்ப்பது?

அவர் மெள்ளத் தலையை நிமிர்த்தினார். காமாட்சியிடம் கேட்டார்: "குடிச்ச பிள்ளைகளுக்கு... மஞ்சளாப் போகுதா, வெளுத்தா?"

"எல்லாம் மஞ்சளாத்தான் போகுதுக."

"அது போதும்" என்று எழுந்தார்.

பொய் எழுத அவருக்கு வராது. மிளகளவு கல்லைப் பஞ்சில் வைத்து அனுப்பினார். 'மீதியை ஊர்க் குழந்தைகள் அருந்திவிட்டார்கள். அவர்களுக்குத் தீங்கில்லை' என்று நடந்ததை நடந்தபடி ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். பத்திரிகைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டுரையைப் பாதியாக வெட்டிவிட்டு அடிக்குறிப்பை முழுசாகப் போட்டிருக்கிறார்கள்! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் அந்த ஜாதிதான்.

ஆனாலும் 'வாய்வு அல்ல, கல்' என்ற வரி வெட்டுக்குத் தப்பிவிட்டது. மதுரைப் பெரிய டாக்டர் மலைக்குப் போகச் சம்மதம் கொடுத்துவிட்டார்.

இப்போது போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் வேடிக்கை. மலையே இறங்கி வருகிறது! மேலே எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கீழே தேவாரத்திலிருந்து வண்டி கட்டி வருகிறார்கள். டாக்டர் கேட்கும் முன்பே நிறத்தைச் சொல்லிவிடுகிறார்கள். "நல்லா அமுக்கிப் பாருங்கய்யா, கல்லு இருக்கும்." 'வெறும் வாய்வுதான்' என்றால் முகம் செத்துப்போகிறது. ஒருவர் சண்டைக்கே போய்விட்டார்: "அந்தாளுக்கு மட்டுந்தான் விளையுமாக்கும்?"

அந்தக் கூட்டத்தில்தான் நிஜமாகவே கண் மஞ்சளான ஏலக்காட்டுப் பெண் ஒருத்தி நின்றாள். டாக்டர் அன்றே மதுரைக்கு அனுப்பினார். பிழைத்து வந்துவிட்டாள். புத்தி சொல்லிக் கூப்பிட்டபோது ஓடி ஒளிந்த சனம்தான் இது. ஆசை கூப்பிட்டால் மலை இறங்கி வருகிறது... என்ன செய்ய?

நேற்றுச் சாப்பிட்டு எழுந்தபோது விலாவில் லேசாகப் பிடித்தது. "ஆ" என்றேன். அடுப்படியிலிருந்து காமாட்சி ஓடி வந்தாள். முகத்தில்தான் எத்தனை வெளிச்சம்!

"ஏங்க... அதே இடமா?"

"வாய்வுதான்" என்றேன்.

"க்கும்... இனிமே உங்களுக்கு எங்கிட்டு விளையப் போகுது!" என்று உள்ளே போய்விட்டாள்.