பூமி ராவுத்தரிடம், வானம் அப்பாவிடம்

உட்காரப் போட்ட நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பலகையை முகர்கிறார் சேக் பரீத் ராவுத்தர். "தேக்கு இல்ல தம்பி, அயினி," என்று நிமிர்த்தி வைக்கிறார். அது தேக்குத்தான். மரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் பாதி தவறு. அதற்காக முகர்வதை நிறுத்தியதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான். கவிழ்க்க முடியாத பொருளானால் விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். எங்கள் வீட்டு ஜன்னல், அரிசிப் பெட்டி, சிலுவை மாட்டிய சுவர் எல்லாம் அவரிடம் தட்டு வாங்கியவை. உட்கார்ந்து மட்டும் நான் பார்த்ததில்லை.

உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி. அறுபதை நெருங்கும் வயது, நெடிய ஒல்லி உடம்பு. பஸ்ஸுக்காக ஓர் இடத்தில் நிற்க மாட்டார். பஸ் வரும் திசையைப் பார்த்து நடப்பார். நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். எதிரே போய் ஏறினாலும் ஊர் போய்ச் சேரும் நேரம் அதேதான் என்று தரையில் கோடு போட்டு விளக்கினேன்.

"நிக்கிறது மிச்சந்தானே தம்பி?" என்றார்.

இந்தப் பக்கத்தில் ஏலம் என்றால் காய். கூவி விற்பதும் ஏலம். ராவுத்தர் கெட்டது இந்த ஒரு சொல்லால். குமுளிக்கு மேலே ஒரு துரை சீமைக்குத் திரும்புகிறார், பங்களாவில் ஏலம் என்று யாரோ சொல்ல, கோணிகளும் கோவேறு கழுதைகளுமாக மலையேறினார். அங்கே காய் இல்லை. மேசை, கடிகாரம், சட்டம் போட்ட படங்கள், தோல் அட்டைப் புத்தகங்கள். வந்ததற்கு ஒன்றைக் கேட்போம் என்று, ஏலம் விடுகிறவரிடம் தன் துண்டை நீட்டினார். காய் வியாபாரத்தில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஏலம் விட வந்த மதுரைக்காரர் நன்றி சொல்லி, அந்தத் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் உரக்கச் சிரித்தவர் எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானசிகாமணி, என் அப்பா. பழக்கம் அப்படித் தொடங்கியது.

அதன்பின் எந்தத் துரை மூட்டை கட்டினாலும் இருவரும் அங்கே நின்றார்கள். ஒருவர் கேட்ட பொருளை மற்றவர் எதிர்த்துக் கேட்காமல் விட்டதில்லை.

"ஆளுக்கொரு பக்கம் நின்னு வெலைய ஏத்தி, வேண்டாததையெல்லாம் வாங்கிக் கொட்டிருக்காக," என்பார் ராவுத்தரின் மனைவி அம்சத் பீவி. "ஏலத்துக்குப் போறேம்பாக. எந்த ஏலம்னு நான் கேக்குறதில்ல. வாசல்ல மணந்தா காயி, தும்மல் வந்தா குப்பை."

ஒரு பங்களாவில் அச்சில் சுழலும் ஜோடி உருண்டைகள் வந்தன. ஒன்று பூமி. மற்றது வானம், நட்சத்திரக் கூட்டங்களைக் கரடியாகவும் தேளாகவும் வேடனாகவும் தீட்டியிருந்தார்கள். தனித்தனியாக ஏலம் விட்டார்கள். பூமி ராவுத்தருக்குப் போனது, வானம் அப்பாவுக்கு. ஜோடி சேர்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. கேட்க இருவருக்கும் வாய் வராது. வாய் வந்தது ஏசுவதற்குத்தான்.

"வானத்த வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கீக கம்பவுண்டரே. மழையக் காணோம்னா ஒங்களத்தேன் கேக்கணும்."

"பூமியச் செத்த நேரம் சும்மா விடுங்க ராவுத்தரே. இங்கன எங்களுக்குத் தலை சுத்துது."

அவர் சும்மா விட்டதில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு. அவர் வீட்டுக் கூடத்தில் அந்த உருண்டையைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அச்சு நுழையும் பித்தளைத் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டது. கடந்து போகும்போதெல்லாம் ஒரு தட்டு. வருகிறவர்களுக்கெல்லாம் "இதேன் உத்தமபாளையம்" என்று தொட்டுக் காட்டிக் காட்டி, நம் ஊர்கள் இருக்கவேண்டிய இடத்தில் தாளே இல்லை. வெறும் சுண்ணாம்புப் பூச்சு.

அப்பா மாசியில் இறந்தார். அவர் இருந்த அல்லிநகரத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எனக்கு வேலை அணைப் பக்கம். தங்குவது ஓர் அறையில். அவருடைய மூக்குக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். தினமும் துடைத்து வைக்கிறேன். வான உருண்டையைத் துணியில் சுற்றி ராவுத்தரிடம் கொண்டுபோனேன். விற்க அல்ல, கொடுக்க.

அவர் துணியை அவிழ்க்கவில்லை. கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ தம்பி."

"ஜோடி சேரட்டும்னு கொண்டாந்தேன்."

"ஓசில சேந்தா அது ஜோடியா? ஒங்க அப்பா சிரிப்பாக. அவுகள நாலு பேரு முன்னால ஜெயிச்சு எடுக்கணும்னு இருந்தவன் நானு. ஏலத்துல வை. எவனாச்சும் எதுத்துக் கேக்கட்டும்."

"அதுக்கு அவுக இருக்கும்போதே இந்தப் பூமியக் குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?" என்று உள்ளேயிருந்து அம்சத் பீவியின் குரல் வந்தது.

"நானா?" என்றார் ராவுத்தர். உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

தேனிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் அப்பாவின் சாமான்களை ஏலத்துக்கு வைத்தேன். கூவுவதற்குக் கத்தரிக்காய் ஏலம் விடுகிற ஒச்சாண்டிதான் கிடைத்தார். புத்தகங்கள் போயின. கடிகாரங்கள் போயின. உருண்டையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"வானம்! ஒரே ஒரு வானம்! பூச்சி விழாத வானம்!"

கூட்டம் சிரித்தது. ராவுத்தர் முதல் விலை கேட்டார். கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவர் ஆசைப்பட்ட பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். விட்டுக்கொடுப்பதே மரியாதை என்று கைகட்டி நின்றார்கள்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"ஏலே, இரு," என்றார் ராவுத்தர். தன் விலைக்கு மேல் ஒரு விலை சொன்னார்.

"அய்யா, மொத வெலையும் நீங்கதேன் கேட்டீக."

"அதுக்கு?"

"ஒங்க வெலைய நீங்களே ஏத்துறீகளே!"

"கம்பவுண்டரு இருந்தா அந்த வெலைக்கு விட்ருவாகளா? ஏத்துலே."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். ஒச்சாண்டி என்னைப் பார்த்தார். நான் அந்த உருண்டையின் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தேய்மானமே இல்லை. அப்பா அதை ஒரு தரம்கூடச் சுழற்றிப் பார்த்ததில்லை.

"ஒரு தரம்," என்றார் ஒச்சாண்டி, இப்போது மெதுவாக. "ரெண்டு தரம்."

மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தார். ராவுத்தர் மறுபடியும் கையைத் தூக்கினார்.