இரண்டாம் தடவை கிளம்பாத கார்

வேதகிரியின் புதுக் கார் காலையில் கிளம்பும். போன இடத்தில் நின்றால் அங்கேயே நின்றுவிடும். சாலவாக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதே பேச்சுதான். விடியற்காலையில் வாசலில் சாவியைத் திருகினால் ஒரே திருகில் உறுமிக்கொண்டு எழுந்திருக்கும். உத்திரமேரூருக்குப் போய், பஸ் ஸ்டாண்டு ஓரமாக நிறுத்தி, வாடகைக்கு வந்தவர் ஏறி உட்கார்ந்து "போலாம்ப்பா" என்றதும்தான் வம்பு ஆரம்பிக்கும். திருகு திருகென்று திருகுவார். வண்டி இருமும், முனகும், பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும். கிளம்ப மட்டும் கிளம்பாது. வாடகைக்கு வந்த மனிதரே இறங்கித் தள்ளுவார். தள்ளியும் கிளம்பவில்லை என்றால் வேட்டியை உதறிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிடுவார்.

"இன்னாப்பா வேதகிரி, வண்டிக்கு நாஷ்டா குடுத்தியா இல்லியா?" என்று டீக்கடை கோபால் தினமும் கேட்பார்.

"உன் டீயத்தான் ஊத்தினேன், அதாங் கிளம்பல" என்று இவரும் கடுகடுவென்று சொல்லிவிட்டு, வேகாத வெயிலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். திறந்தால் உள்ளே என்ன தெரியும்? எல்லாம் புதுசாகப் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்.

மனிதர் யார் என்று சொல்லாமல் காரைப் பற்றி மட்டும் சொல்லிப் பயனில்லை. வேதகிரி, ராஜாராம் வீட்டு டிராக்டரை ஓட்டியே தலை நரைத்தவர். ஏரிக்குக் கீழே இருக்கும் பெரிய நன்செய் அத்தனையும் ராஜாராம் வீட்டுடையது. அத்தனையையும் உழுதவர் இவர். அந்த டிராக்டரில் வேறு யாரும் கை வைக்க விடமாட்டார். ராஜாராமே ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தாலும், "எறங்குங்கய்யா, கிளச்சு பூடும்" என்பார். வேலையில் அவ்வளவு அதிகாரம். ஆனால் வாசலிலிருந்து "டேய் வேதகிரி!" என்று ஒரு குரல் வந்தால், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு எழுந்து ஓட வேண்டும். அந்தக் குரல்தான் அவருக்குக் கசந்தது. கூப்பிட்டால் வருகிறேன், வராமலும் இருப்பேன் என்று சொல்ல ஒரு பிழைப்பு வேண்டும் என்று, இருந்த மேட்டு நிலத்தை விற்று, பேங்க்கில் கடனும் வாங்கி, காருக்குப் பதிவு செய்து, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்.

வண்டியை எடுக்கப் போன இடத்தில் ஒரு பையன் வந்து, இது இன்னது, அது இன்னது என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினான். வேதகிரி கையை நீட்டிவிட்டார். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னியே இன்ஜின் ஓட்டனவன் நானு. சாவியக் குடு." அவனும் கொடுத்துவிட்டான்.

அப்படி வந்த வண்டி இப்படிப் படுத்துகிறதே என்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. உத்திரமேரூரில் மெக்கானிக் மக்பூல் பாய் பார்க்காத இடம் பாக்கியில்லை. பாட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. பெட்ரோலில் தண்ணீரோ என்று வடித்துப் பார்த்தார், இல்லை. பிளக்கைக் கழற்றினால் மட்டும் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, பெட்ரோலில் நனைந்து கிடந்தது. துடைத்து மாட்டினார். தாமே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். வேதகிரி பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தம் வண்டியில் இன்னொருத்தர் கை வைக்கிறாரே என்று. மக்பூல் நிறுத்தினார், எடுத்தார். மறுபடி நிறுத்தினார், எடுத்தார். சொன்னபடி கேட்டது வண்டி.

"பாத்துக்கினியா நைனா? வண்டி ஷோக்காகீது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பாய் மக்கர் பண்ணுது?"

"உன் மூஞ்சி அதுக்குப் புடிக்கலியோ இன்னாவோ" என்று சிரித்தார் மக்பூல். வேதகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பழைய கதைதான்.

வீட்டில் மனைவி கனகா எலுமிச்சம்பழம் கட்டினாள், பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். அதற்கும் மசியவில்லை என்றதும், "ஏங்க, உங்க பேருக்கு வண்டி ஆவலே. எம் பேருக்கு மாத்துங்க" என்றாள்.

"உம் பேருக்கு மாத்தினா மட்டும்? உன்ன மாதிரியே ஒரு பேச்சு பேசிட்டு மூஞ்ச திருப்பிக்கினு உக்காரும்."

"நல்லதுக்குச் சொன்னா கடிக்க வராரு பாரு" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்குள் ராசியில்லாத வண்டி என்ற பேச்சு வந்துவிட்டது. அந்தப் பேர் நிலைத்துவிட்டால் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள், கருமாதிக்கும் கூப்பிடமாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜாராம் கூப்பிட்டனுப்பினார். மூத்த மகனுக்குக் கூரத்தில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பூ வைக்கப் போக வேண்டும். "நம்மூர்லயே காரு இருக்கச்சொல்ல வெளியூர்க் காரு எதுக்கு?" என்றார். அவருடைய மனைவி சொக்கம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டு வரிசையோடு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். காஞ்சிபுரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பூவும் பழமும் வாங்கக் கடைத்தெருவில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். அவ்வளவுதான்.

பூ வந்தது, பழம் வந்தது, வண்டி கிளம்பவில்லை. வேதகிரி திருகினார். இறங்கினார், பானட்டைத் திறந்தார், மூடினார், திருகினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சொக்கம்மாள் வெந்துபோய் வெளியே இறங்கி நின்றாள்.

"ராவுகாலம் வந்துடும்பா. எதனா பண்ணு."

"பண்ணிக்கினுதான்மா கீறேன்."

"நீ பண்றது கீது. வண்டி பண்ணலியே."

கடைத்தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. கடைசியில் சொக்கம்மாள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு புருஷனோடு டவுன் பஸ்ஸில் கூரம் போனாள். போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. அது முடிகிற வரைக்கும் பெண்வீட்டு வாசலிலேயே காத்திருந்து பூ வைத்தார்கள். ராஜாராம் பஸ் ஏறுமுன் இவரிடம் திட்டக்கூட இல்லை. தணிந்த குரலில்தான் சொன்னார்:

"வேதகிரி, இது உனக்கு வாணாம். காலையில வண்டியக் கொண்டாந்து நம்ம களத்துல உட்டுடு. பேங்க்குக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ டிராக்டருக்கே வந்துடு."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். வெயில் தணிந்த பிறகு வண்டி ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பியது. நேராக உத்திரமேரூர் மக்பூல் கடைக்கு விட்டார். இன்ஜினை நிறுத்தாமலே இறங்கி, "பாய், நாளைக்கு வண்டி கைய உட்டுப் போவுது. இன்னா கோளாறுன்னாவது சொல்லிடு" என்றார்.

மக்பூல் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்பவும் நான் ஓட்டறேன், நீ குந்திக்கினு வரே. இன்னிக்கு நீ ஓட்டு. நான் குந்தறேன்."

ஏரிக்கரை வரை போனார்கள். "இங்க நிறுத்து" என்றார் மக்பூல். வேதகிரி பிரேக்கை அழுத்தினார், கியரை விடுவித்தார். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த குமிழைப் பிடித்து ஒரே இழுப்பாக வெளியே இழுத்தார். இன்ஜின் குளிர்சுரம் வந்தது போல் நடுங்கியது. பின்னால் கறுப்புப் புகை கக்கியது. விக்கி விக்கி அடங்கியது. அது அடங்கின பிறகு சாவியை நிதானமாகத் திருப்பி எடுத்தார்.

"இப்ப இன்னா பண்ணே?" என்றார் மக்பூல்.

"நிறுத்தச் சொன்னே, நிறுத்தினேன்."

"அத்த எதுக்கு இழுத்தே?"

"இழுக்காம எப்டி நிக்கும்? டிராக்டர்ல இழுத்துதான் நிறுத்துவோம்."

மக்பூல் தலையில் அடித்துக்கொண்டார். "அது டீசலு நைனா! அதுல இழுத்தா டீசல் வர்றது நின்னுடும். இது சோக்கு! விடிகாலைல குளிர்ல கிளம்பலன்னா இழுக்கறது. சூடான வண்டில இழுத்தா காத்த அடைச்சிக்கினு பெட்ரோலா குடிக்கும். நீ வண்டிய நிறுத்தல, தண்ணில அமுக்கற மாதிரி அமுக்கிக்கினு இருந்திருக்கே! அப்பறம் எப்டி உடனே ஏந்திருக்கும்? ராத்திரியெல்லாம் காஞ்சாத்தான் காலைல ஏந்திருக்கும்!"

"சாவியத் திருப்பினா லைட்டு அணையும். இன்ஜின் எப்டி பாய் நிக்கும்?"

"இதுல நிக்கும்பா! திருப்பித்தான் பாரேன்!"

வேதகிரிக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஒரே மாரி குமிழு, ஒரே மாரி இழுக்கறது. அதுல ஒண்ணு, இதுல ஒண்ணா? செஞ்சவனுக்கு இன்னா கேடு?"

"வண்டி குடுக்கச்சொல்ல யாரும் சொல்லலியா?"

அந்தப் பையனிடம் சாவிக்குக் கை நீட்டியது வேதகிரிக்கு ஞாபகம் வந்தது. பிளக்கைத் துடைத்து மாட்டி மக்பூல் எடுத்துக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார்.

காலையில் ராஜாராம் சொன்னபடியே களத்தில் நின்றிருந்தார். சொக்கம்மாளும் இருந்தாள். வேதகிரி வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தப் போனார். கை தன்னால் குமிழுக்குப் போய்விட்டது. எத்தனை வருஷக் கை! "சீ" என்று உதறி, சாவியைத் திருப்பினார். சத்தமில்லாமல் அடங்கியது. உடனே திருகினார். ஒரே திருகு, பிடித்துக்கொண்டது. நிறுத்தினார், எடுத்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"வண்டி சரியாயிடுச்சுங்கய்யா. டிராக்டருக்கு வேற ஆளப் பாருங்க."

"இன்னாடா கோளாறு?" என்றார் ராஜாராம்.

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா நான் கடைத்தெருவுல வெந்தேன்?" என்று சொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "சொன்னாத்தான் உடுவேன்."

மறைத்தால் ராசியில்லாத வண்டி என்ற பேச்சு போகாது. சொன்னால் மானம் போகும். கடைசியில் வேதகிரி குமிழைக் காட்டிச் சொல்லிவிட்டார். "டிராக்டரு பழக்கத்துல இத்த இழுத்து இழுத்து நிறுத்திட்டேன்மா. வண்டி மேல தப்பு இல்ல. தப்பெல்லாம் கை மேலதான்."

"அடப்பாவி, கடைசீல என் டிராக்டர் மேல பழிய போடறியா?" என்றார் ராஜாராம். ஆனால் வண்டியை விடச் சொல்லி அவர் மறுபடி கேட்கவில்லை.

சொக்கம்மாள்தான் பின்கதவைத் திறந்து ஏறினாள். "உத்திரமேரூருக்கு உடு. வழில ரெண்டு எடத்துல நிறுத்தச் சொல்லுவேன். கிளம்புதா இல்லியான்னு பாக்கறேன்."

"வாடக உண்டும்மா" என்றார் வேதகிரி.

"குடுக்கறேன்டா. மொதல்ல கிளப்பு."

முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டே கிளப்பினார். களத்தைத் தாண்டும்போது ராஜாராம் பின்னாலிருந்து "டேய் வேதகிரி!" என்று என்னவோ கூப்பிட்டார். "சவாரி கீதுங்கய்யா!" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.