எத்திராஜ் மூடிய சோடாக் கடை

புத்தூர் கடைத்தெருவில் சோடாக் கடை வைத்திருந்த எத்திராஜ், ஒரு திங்கட்கிழமை காலை கடையை மூடினார். நாவல் எழுதப் போகிறாராம். பத்து வருஷமாகப் பாட்டில் கழுவியே பொழுது போய்விட்டது, இனிப் பொறுக்க முடியாது என்று சோடா மெஷினை ரேணிகுண்டா ஆளுக்கு விற்றும்விட்டார்.

"எழுதுய்யா, யார் வேணாம்னா?" என்றாள் மனைவி அம்சவேணி. "இந்த மாசத்துக்குள்ள ஒரு பக்கமாச்சும் படிச்சிக் காட்டு. இல்லன்னா எங்க நைனா ஊட்டு மாட்ட மேய்க்கப் போ."

கெட்டது குடி! புத்தூர் ஆந்திராவா, மதராஸா என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வியாபார நாளில் ஒருவன் கடையை மூடினால் போராட்டம் என்றுதான் அர்த்தம். தமிழர் பக்கம் முன்னால் நிற்கும் வேதாச்சலம் மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாங்க பேசிக்கினுதான் கீறோம். நீ தனியாளா செஞ்சி காட்டிட்டியேப்பா!"

"ஐயோ, நான் கதை எழுதறதுக்குத்தான் மூடனேன்!"

"இன்னா அடக்கம் பாரு!" என்று மாலையைப் போட்டார் வேதாச்சலம்.

மத்தியானத்துக்குள் தமிழர் கடைகள் எல்லாம் மூடிக்கொண்டன. தெலுங்குக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்க்கடை ஜவுளி நாகையா, "மூடறதுக்கு எங்களுக்குத் தெரியாதா?" என்று தம் பக்கத்தையும் மூடவைத்தார். முதலில் திறப்பவனுக்கு மானம் போய்விடும் என்றாகிவிட்டது. ஊரில் உப்பு வாங்க வழியில்லை. வேலையில்லாத வியாபாரிகள், இரண்டு கட்சியும், எத்திராஜ் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து கத்தினார்கள். அம்சவேணி மோர் கலக்கிக் கை ஓய்ந்தாள். எத்திராஜ் பேனாவைத் திறப்பார், ஒருவர் தோளில் கைபோட்டு எல்லையைப் பற்றி ஆரம்பிப்பார். மாசம் ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் நாகையா கொல்லைப்புற வழியாக வந்தார். "ஏமய்யா எத்திராஜ், மூடினது நீதானே? நீயே திறந்துடு, உனக்குப் புண்ணியம். வீட்ல இருந்தா என் பெண்டாட்டி அரிசி புடைக்கச் சொல்றா."

மறுநாள் எத்திராஜ் காலி பாட்டில்களை அடுக்கிக் கடையைத் திறந்தார். அரை மணியில் தெரு முழுக்கத் திறந்துகொண்டது. அப்பாடா என்று அவரவர் வியாபாரத்தைப் பார்க்கப் போனார்கள். மெஷின் இல்லாத சோடாக் கடையில் யாருக்கு என்ன வேலை? ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எத்திராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லாப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுத உட்கார்ந்தார்.

மாசக் கடைசி சாயங்காலம். அடுப்படியில் நின்று அந்த ஒரு பக்கத்தையும் படித்துக் காட்டினார். அம்சவேணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கதையில வர்ற அந்தப் பொண்ணு அப்புறம் இன்னாய்யா ஆனா?"

"தெரியலியே."

"காலையில சீக்கிரம் போய்க் கடையத் தொற" என்றாள் அவள்.